ஊர்ப்பெயர் இல்லாத முகவரி: பட்டாளத்தார் மனைவிகள் பார்த்த போர்

எங்கள் பெரியம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. காலையில் மாத்திரை போட்டாரா இல்லையா என்று கேட்டால் யோசிப்பார். பெரியப்பாவின் பட்டாள நம்பரைக் கேளுங்கள், ஏழு இலக்கத்தையும் மூச்சு விடாமல் சொல்லுவார். நம்பர், ரேங்க், பெயர், கம்பெனி, பட்டாலியன், கடைசியில் ‘கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.’ சரி, 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது பெரியப்பா எந்த ஊரில் இருந்தார் என்று கேட்டால் மட்டும் உதட்டைப் பிதுக்குவார். “யாருக்குத் தெரியும்? 56 ஏ.பி.ஓ.லதான் இருந்தாரு. கல்யாணமான புதுசுல அது ஏதோ ஊருன்னே நெனச்சிருந்தேன்.”

ஊர் இல்லை. ஏ.பி.ஓ. என்றால் ஆர்மி போஸ்ட் ஆபீஸ், இந்திய ராணுவ அஞ்சல் சேவை வைத்திருக்கும் பொது முகவரி அது. வடக்கு, மேற்கு எல்லைப் பக்கம் நிற்கும் படைப்பிரிவுகளுக்கு 56, கிழக்குப் பக்கத்துக்கு 99. நாம் எழுதும் கடிதம் தில்லியிலோ கல்கத்தாவிலோ உள்ள ராணுவ மையத் தபால் நிலையத்துக்குப் போய்ச் சேரும். எந்தப் பட்டாலியன் இன்றைக்கு எங்கே நிற்கிறது என்ற கணக்கு அங்கே இருக்கும். அதைப் பார்த்துக் கடிதங்களைப் பிரித்து அனுப்புவார்கள். பட்டாலியன் ராவோடு ராவாக இடம் மாறினாலும் உறைமேல் எழுதும் முகவரி மாறாது. உறை எதிரியின் கையில் கிடைத்தாலும் அவனுக்கு ஒன்றும் தெரியாது. எழுதிய மனைவிக்கும் ஒன்றும் தெரியாது. ராணுவத்துக்கு இது அருமையான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. மனைவியின் பக்கம் நின்று பார்த்தால், கட்டிய கணவன் வரைபடத்திலிருந்தே காணாமல் போகிறார்.

ஓய்வுபெற்ற தளபதிகள் எழுதும் போர் நினைவுகளில் ஆறு, பாலம், குன்று, கணவாய் என்று இடங்கள் பெயர் பெயராக வரும். மனைவிமார் சொல்லும் போர் நினைவுகளில் இடப்பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கடிதம் வந்த கிழமை, மணியார்டர் வராத மாதம், தந்திக்காரரின் சைக்கிள், பெயரில் ஓர் எழுத்து பிசகியதால் ஏறி இறங்கிய ஆபீஸ் என்றே கதை போகும். பெண்கள் மனசு அப்படி, சின்ன விஷயங்களைத்தான் பிடித்துக்கொள்ளும் என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. போர் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்த வாசலே இவைதான். வேறு வாசல் அவர்களுக்கு இருக்கவில்லை.

முதலில் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பட்டாளத்தில் போஸ்டிங் இரண்டு வகை. ‘பீஸ்’ என்றால் குடும்பத்தோடு இருக்கலாம், ‘ஃபீல்டு’ என்றால் தனியாகத்தான் போக வேண்டும். பீஸ் ஸ்டேஷனிலும் சிப்பாய்களுக்கான குடும்பக் குவார்ட்டர்ஸ் எண்ணிக்கை குறைவு, வரிசையில் காத்திருக்க வேண்டும். ஆகவே அதிகாரிகளின் மனைவிமார் பெரும்பாலும் கன்டோன்மென்ட் என்ற ராணுவக் குடியிருப்பில் இருந்தார்கள், சிப்பாய்களின் மனைவிமார் பெரும்பாலும் ஊரில், மாமியார் வீட்டில். இந்த ஒரு வித்தியாசமே இரண்டு வேறு போர்களை உண்டாக்கியது.

1971 டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் பதான்கோட், அம்பாலா, ஜோத்பூர், ஆக்ரா என்று பல விமானதளங்களைத் தாக்கின. அந்தப் பக்கத்து கன்டோன்மென்டுகளில் இருந்த பெண்களுக்குப் போர் கண்ணெதிரே நடந்தது. ஜன்னல் கண்ணாடியில் கறுப்புத் தாள், இரவில் விளக்கில்லாத வீடு, சைரன், தோட்டத்தில் வெட்டிய பதுங்குகுழி, அதற்குள் தூங்கும் குழந்தை. பயம் பெரிதுதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரியும் அதே குழியில் இருந்தாள். பட்டாலியன் தளபதியின் மனைவிதான் அந்தக் குடியிருப்புக்கே மூத்தவர், தகவல் வந்தால் அவரிடம்தான் முதலில் வரும். ராணுவ மனைவியர் நலச் சங்கம் என்ற அமைப்பும் 1966இலேயே பதிவாகியிருந்தது.

வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் சைரன் ஊதவில்லை. கார்த்திகை மாதம், வயல் வேலை நடந்துகொண்டிருந்தது. சண்டை அந்த மாதத்தில் தொடங்கி, மார்கழி பிறக்கும் வேளையில் 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததோடு முடிந்தது. எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லுவார்கள். அப்படிப்பட்ட ஊர் என்றால் கூடிப் பேசவாவது ஆள் கிடைக்கும். பெரியம்மா வாழ்க்கைப்பட்ட ஊரில் பட்டாளத்துக்குப் போனவர் பெரியப்பா ஒருவர்தான். “ஊரே சாதாரணமா இருந்துச்சு. எனக்கு மட்டும் சண்டை நடந்துச்சு” என்பார்.

கடிதத்துக்கு வருவோம். ஃபீல்டில் இருப்பவர்களுக்கு ராணுவமே இலவசமாகக் கடிதத்தாள் கொடுக்கும், ஸ்டாம்பு ஒட்ட வேண்டியதில்லை. சாதாரண நாளிலேயே பெரியப்பாவின் கடிதம் வந்து சேர ஒரு வாரம், பத்து நாள் ஆகுமாம். பதில் போய்ச் சேர இன்னொரு பத்து நாள். 1971 போர் மொத்தமே 13 நாள். அதாவது ஒரு முழுப் போரும் இரண்டு கடிதங்களுக்கு நடுவில் நடந்து முடிந்துவிட்டது. சண்டை தொடங்குமுன் எழுதிய ‘நான் இங்கு நலம்’ சண்டையின் நடுவில் வந்து சேரும். அதை வைத்து என்ன செய்ய? எழுதிய அன்றைக்கு அவர் உயிரோடு இருந்தார் என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். பெரியம்மா கடிதம் வந்ததும் முதலில் தேதியைத்தான் கேட்பாராம்.

படிக்கவில்லை, கேட்பாராம். 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்த இந்தியப் பெண்கள் சுமார் 22 சதவீதம். நூற்றில் எழுபத்தெட்டுப் பேருக்குக் கணவனின் கடிதத்தை இன்னொருவர்தான் படித்துச் சொல்ல வேண்டும். பெரியம்மாவுக்குப் பள்ளிக்கூட வாத்தியார் படிப்பார். திண்ணையில் மாமனார், வாசற்படியில் மாமியார், கதவுக்குப் பின்னால் பெரியம்மா. எங்கே இருக்கிறோம், எங்கே போகிறோம் என்று எழுத ராணுவம் விடாது. மற்றதை எழுத இந்தத் திண்ணை விடாது. மிச்சம் என்ன இருக்கும்? மழை பெய்ததா, நெல் எவ்வளவு கண்டது, அப்பாவின் முழங்கால் வலி எப்படி. ஒவ்வொரு கடிதத்திலும் ‘கறுப்புப் பசு ஒழுங்காகத் தின்கிறதா’ என்று ஒரு வரி இருக்குமாம். வீட்டில் கறுப்புப் பசுவே கிடையாது. வாத்தியாருக்கு இரண்டாம் கடிதத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது, மாமியாருக்கு ஒரு வருஷம் ஆனது.

மணியார்டர் வேறு கதை. சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பும்படி சிப்பாய் எழுதிக் கொடுத்துவிட்டால், சம்பளக் கணக்கு அலுவலகமே அனுப்பிவிடும். அவர் கைப்பட அனுப்பும் மணியார்டரில் கீழே இரண்டு வரி எழுதியிருக்கும். ஆபீஸ் அனுப்புவதில் அது இருக்காது. போர்க்காலத்தில் கடிதம் நின்றுபோய் இந்த மணியார்டர் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? பணம் வந்ததால் ஆள் இருக்கிறார் என்று ஆகாது. ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. “பணம் வருதில்ல, அப்புறம் என்ன?” என்பார்கள்.

ரேடியோ பஞ்சாயத்து ஆபீஸில் இருந்தது. அங்கே பெண்கள் போய் நிற்க முடியாது என்பதால், பெரியம்மா கொழுந்தன் பையனை அனுப்பிக் கேட்டுவரச் சொல்லுவார். அவன் வந்து “நம்ம ஆளுங்க நல்லா அடிக்கிறாங்களாம்” என்பான். அடிக்கிற இடத்தில் பெரியப்பா இருக்கிறாரா என்பதை எந்த ரேடியோ சொல்லும்?

செய்திக்கு வழியில்லாத இடத்தில் சகுனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இது நேற்று முளைத்த பழக்கம் இல்லை. போருக்குப் போன தலைவனுக்காகக் காத்திருப்பவளைப் பாடும் முல்லைப்பாட்டில், வயதான பெண்கள் ஊருக்கு வெளியே நெல்லும் முல்லைப் பூவும் தூவி நற்சொல் கேட்டு நிற்கிறார்கள். பசியில் கத்தும் கன்றைப் பார்த்து ஓர் ஆயர்மகள், உன் தாய் இப்போதே வந்துவிடுவாள் என்று ஆறுதல் சொல்கிறாள். அந்தச் சொல்லையே நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு வந்து தலைவியிடம் சொல்கிறார்கள். விரிச்சி கேட்டல் என்று பெயர். 1971இல் பெரியம்மா கேட்டது பல்லி சொல். இடையில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷம் போயிருக்கிறது.

தந்தி என்றால் அந்தக் காலத்தில் சாவுச் செய்தி என்றே எடுத்துக்கொள்வார்கள். பட்டாளத்தார் வீட்டில் கேட்கவே வேண்டாம். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் சிப்பாய்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து வரும். யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது ஏற்கெனவே தாளில் இருக்கும். அதை வீடு தேடிக் கொண்டுவருகிறவர் சாதாரண தபால் ஊழியர். தந்தி ஆங்கிலத்தில் இருக்கும். பல வீடுகளில் அதைப் படித்துச் சொல்லும் பாவமும் அவர் தலையிலேயே விழுந்தது. “சைக்கிள் நம்ம வாசலைத் தாண்டிப் போனா உசுரு திரும்பி வரும். அடுத்த நிமிஷமே, அது யார் வீட்டுக்குப் போகுதோன்னு நெனச்சா நமக்கே வெக்கமா இருக்கும்” என்று பெரியம்மா ஒருமுறை சொன்னார். அவருடைய போர் நினைவுகளில் எனக்கு மறக்காத வாக்கியம் இதுதான்.

வசதியான நாட்டிலும் நிலைமை ஒன்றும் மேலாக இல்லை. 1965 நவம்பரில் வியட்நாமின் இயா டிராங் பள்ளத்தாக்கில் அமெரிக்கப் படை பெரிய இழப்பைச் சந்தித்தது. அங்கே போன வீரர்களின் குடும்பங்கள் ஜார்ஜியா மாநிலத்தில் ஃபோர்ட் பென்னிங் முகாமை ஒட்டிய கொலம்பஸ் நகரில் இருந்தன. மரணச் செய்தியை நேரில் போய்ச் சொல்ல அப்போது அமெரிக்க ராணுவத்தில் சரியான ஏற்பாடே இல்லை. தந்திகளை டாக்ஸி டிரைவர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மஞ்சள் டாக்ஸி தெருவுக்குள் திரும்பினால் வீட்டுக்கு வீடு கதவுக்குப் பின்னால் பெண்கள் உறைந்து நின்றார்கள். பட்டாலியன் தளபதி ஹால் மூரின் மனைவி ஜூலியா மூர் அந்த வீடுகளுக்கெல்லாம் தானே போனார், இறுதிச் சடங்குகளில் நின்றார், ராணுவத் தலைமையிடம் முறையிட்டார். அதற்குப் பிறகுதான் சீருடை அணிந்த அதிகாரியும் மதகுருவும் நேரில் போய்ச் சொல்லும் முறை வந்தது. இன்று உலகம் முழுக்க சினிமாக்களில் பார்க்கிற காட்சி, கதவைத் தட்டும் அந்த இரண்டு பேர், ஒரு மனைவி கேட்டு வாங்கியது.

இறந்தார் என்ற தந்தியைவிடக் கொடுமையானது ‘காணவில்லை’ என்பது. 1962 சீனப் போரில் இந்திய வீரர்கள் சுமார் 3,900 பேர் சிறைபிடிக்கப்பட்டார்கள். அவர்களில் பலரைப் பற்றி வீடுகளுக்கு மாதக்கணக்கில் சரியான தகவல் இல்லை. லடாக்கின் பாங்காங் ஏரிக்கரையில் சிரிஜாப் காவல்நிலையைக் காத்த மேஜர் தன்சிங் தாபா இறந்துவிட்டார் என்றே முடிவானது. போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்கரத்தை மரணத்துக்குப் பிந்தைய விருதாக அறிவித்தார்கள். வீட்டில் ஈமக்கடன்கள் நடந்தன, மனைவி விதவைக் கோலம் பூண்டார். பிறகுதான் அவர் சீனர்களிடம் கைதியாக இருப்பது தெரிந்தது. 1963 மே மாதம் திரும்பி வந்தார். செத்தவருக்கான சடங்கு நடந்துவிட்டதால், அதைக் கழிக்கச் சடங்குகள் செய்து, சொந்த மனைவியையே மறுபடியும் மணக்க வேண்டியிருந்தது. அந்த அம்மா அந்த மாதங்களை எப்படிக் கழித்தார் என்பது எந்தப் போர் வரலாற்றிலும் ஓர் அத்தியாயமாக வரவில்லை.

அவர் கணவராவது வந்தார். தேசிய பாட்மிண்டன் சாம்பியனான தமயந்தி தாம்பேயின் கணவர், விமானப்படையின் விஜய் தாம்பே, 1971 டிசம்பர் 5 அன்று பாகிஸ்தானுக்குள் தாக்கப் போனவர், திரும்பவில்லை. அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான். பிடிபட்ட விமானிகளின் பெயர்களில் கணவர் பெயரும் இருப்பதாகச் செய்தி வந்தது. போர்க்கைதிகள் பரிமாற்றம் முடிந்தது, அவர் வரவில்லை. இப்படி அந்தப் போரில் காணாமல்போனவர்கள் 54 பேர் என்பது கணக்கு. அவர்களைத் தன் சிறைகளில் வைத்திருக்கவில்லை என்பது பாகிஸ்தானின் பதில். 2007இல் குடும்பங்கள் பாகிஸ்தான் சிறைகளுக்கு நேரில் போய்த் தேடிப் பார்த்தன. தமயந்தியும் போனார், வெறுங்கையோடு திரும்பினார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பூவையும் பொட்டையும் எந்தத் தேதியில் என்ன செய்வது என்று சட்டத்தில் எழுதியிருக்காது. அந்த 54 பேரின் வீடுகளில் அதை அந்தப் பெண்களேதான் முடிவு செய்தார்கள், சில வீடுகளில் மற்றவர்கள் முடிவு செய்தார்கள்.

இறந்தது உறுதியானாலும் உடல் வராது என்பதுதான் அந்தப் போர்களின் வழக்கம். போர்க்களத்துக்குப் பக்கத்திலேயே எரித்துவிடுவார்கள். வீட்டுக்கு வருவது அஸ்தி, அப்புறம் பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி. 1971 டிசம்பர் 9 இரவு தியூவுக்கு அப்பால் கடலில் மூழ்கிய ஐ.என்.எஸ். குக்ரி கப்பலில் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். அங்கே அஸ்தியும் கிடையாது.

1999 கார்கிலில் இது மாறியது. 527 பேர் இறந்த அந்தச் சண்டையில் உடல்கள் மூவர்ணக் கொடி போர்த்திச் சொந்த ஊருக்கு வந்தன. தொலைக்காட்சி வழியாக வீட்டுக்கூடத்துக்கே வந்த முதல் இந்தியப் போரும் அதுதான். எந்தச் சண்டையில் இறந்தார் என்று ஊருக்கே தெரிந்தது, கலெக்டர் வந்தார், அமைச்சர் வந்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தனியாகத் தந்தியைப் பிரித்த பெண்ணைவிட இது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் உடல் இறங்கிய நிமிஷத்திலேயே அவள் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி, “பெருமையாக இருக்கிறதா?” என்று கேட்கும் பழக்கமும் அப்போதுதான் தொடங்கியது.

தமிழ்நாட்டுப் பெண்களுக்கென்று தனியாக ஒரு போர் உண்டு. 1987 ஜூலை ஒப்பந்தத்தின்படி இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை, அக்டோபரில் புலிகளுடன் சண்டையில் இறங்கி, 1990 மார்ச்சில்தான் திரும்பியது. ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அந்தப் படையில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். அங்கே மடிந்து, அந்தப் படைக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்கரத்தைப் பெற்றவரும் மேஜர் பரமேஸ்வரன் என்ற தமிழர்தான். மற்ற போர்களில் சிப்பாயின் மனைவி கடைக்குப் போனால் நாலு பேர் விசாரிப்பார்கள். இந்தப் போரில் அவள் கணவன் எங்கே இருக்கிறான் என்பதைச் சொல்லத் தயங்கினாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டது உள்பட, அங்கே தமிழ்ச் சனங்கள் பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கோபம் நியாயமானது. படை சென்னையில் வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தக் கோபம் எங்கே போய் விழுந்தது என்பதுதான் கேள்வி. முடிவெடுத்த தில்லிக்கு அது எட்டவில்லை. குழாயடியில் தண்ணீருக்கு நின்றவளுக்குக் கேட்டது. இரவானால் அவளும் பி.பி.சி. தமிழோசைதான் கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரர்களும் அதையேதான் கேட்டார்கள். அடிபட்டது யார் என்று செய்தி வந்தால் இரண்டு வீடுகளிலும் மூச்சு நின்றது வேறு வேறு இடத்தில்.

கணவன் போன பிறகு தொடங்குவது தாள்களோடு நடக்கும் சண்டை. பட்டாளத்தில் கல்யாணம் ஆவது தாலி கட்டும்போது இல்லை, ‘பார்ட் டூ ஆர்டர்’ வெளியாகும்போதுதான். மனைவி பெயர், பிறந்த தேதி, கல்யாணத் தேதி, பிள்ளைகள் பெயர் எல்லாம் அந்த உத்தரவில் ஏறினால்தான் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அவர்கள் இருக்கிறார்கள். இங்கேதான் தமிழ்ப் பெயர்கள் மாட்டிக்கொள்ளும். நமக்கு இனிஷியல், அவர்கள் படிவத்தில் குடும்பப் பெயர். வீட்டில் செல்லம்மாள், ரேஷன் கார்டில் செல்வி, வடக்கத்திய கிளார்க்கின் கையெழுத்தில் ‘சேலம்மா’. கணவன் உயிரோடு இருக்கும்வரை இது சிரிப்பு. அவன் போய்விட்டால், செல்லம்மாளும் சேலம்மாவும் ஒரே ஆள் என்று தாசில்தாரிடம் சான்று வாங்கி, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நடந்து, வெலிங்டனுக்கு எழுதி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ‘கணவனின் தியாகம்’ என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்த நடை தெரியாது.

1971 போருக்குப் பிறகு, 1972 பிப்ரவரியில், போரில் இறந்தவர்களின் குடும்ப ஓய்வூதியத்தை அரசு நன்றாகவே உயர்த்தியது. போர் விதவைகளுக்கான சங்கத்தை மோகினி கிரி தில்லியில் தொடங்கியதும் அந்த வருஷம்தான். இன்னொரு விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீரதீர விருது பெற்று இறந்தவரின் மனைவிக்கு மாதாமாதம் ஒரு பணப்படி உண்டு. அவள் மறுமணம் செய்தால் அது நின்றுவிடும், இறந்த கணவனின் சகோதரனை மணந்தால் மட்டும் தொடரும். பஞ்சாப், ஹரியானா பக்கம் விதவையைக் கொழுந்தனுக்குக் கட்டிவைக்கும் வழக்கத்தை அரசாங்கமே படிவத்தில் ஏற்றிவைத்த மாதிரி. பணம் குடும்பத்தை விட்டுப் போகக்கூடாது என்பதுதானே அதன் உள்ளர்த்தம்? அந்த நிபந்தனையை நீக்கியது 2017 நவம்பரில்.

தந்தி 2013 ஜூலையோடு முடிந்துவிட்டது. இப்போது எல்லோர் கையிலும் போன். காத்திருப்பது குறைந்திருக்கும் என்று நினைப்போம். எங்கள் உறவில் ஒரு பெண்ணின் கணவர் வடக்கே எல்லையில் இருக்கிறார். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு மூன்று நான்கு நாட்கள் சண்டை நடந்தபோது போன் வரவில்லை. வாட்ஸ்அப்பில் அவர் கடைசியாக வந்துபோன நேரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா கடிதத்தின் தேதியைக் கேட்டதும் இதுவும் ஒன்றுதான். டிவியில் கராச்சித் துறைமுகத்தையே அழித்துவிட்டதாகச் சில சேனல்கள் கத்தின, பிறகு அது பொய் என்று தெரிந்தது. பஞ்சாயத்து ரேடியோவாவது மெதுவாகப் பேசியது.

போன மாதம் அவள் கணவருக்குக் கம்பளிச் சட்டை அனுப்ப ஆன்லைனில் ஆர்டர் போட்டாள். முகவரியைப் போட்டதும், இந்த இடத்துக்கு டெலிவரி கிடையாது என்று வந்தது. கடைசியில் துணியில் தைத்துப் பார்சல் கட்டி, தபாலில்தான் அனுப்பினோம். மேலே எப்படி எழுதுவது என்று பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: முதலில் நம்பர், அப்புறம் ரேங்க், பெயர், கம்பெனி, பட்டாலியன், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. பின்கோடு மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அவர் எழுதவைத்த காலத்தில் பின்கோடே கிடையாது, அது வந்தது 1972 ஆகஸ்டில். ராணுவத்துக்குக் கொடுத்த எண்கள் 9இல் தொடங்கும். நாட்டில் வேறு எந்த ஊருக்கும் அந்த எண் கிடையாது.